கோடைப் பாலுக்கு உரிய விலை

பால் ஆண்டு முழுவதும் ஒரே அளவாகக் கிடைப்பதில்லை என்பது கறவை வைத்திருப்போர் யாவரும் அறிந்ததே. ஐப்பசி மழையில் வரப்பெல்லாம் புல் தழைத்து, வெயில் தணிந்து, புரட்டாசியில் ஈன்ற மாடுகள் நன்கு கறக்கத் தொடங்கும் நாட்களில், பால் சங்கங்களில் கேன்கள் நிரம்பி வழிகின்றன. பங்குனி பிறந்து புல் கருகும் நாட்களில் அதே சங்கங்களில் பாதிக் கேன்கள் வெறுமையாய்க் கிடக்கின்றன. பாலை வாங்கி உண்போரின் தேவையோ இவ்விரு பருவங்களிலும் ஏறக்குறைய ஒன்றே. தயிரும் மோரும் வேண்டப்படுதலின் கோடையில் சற்று மிகுதி என்றே சொல்லலாம். இந்த ஏற்றத்தாழ்வை நிரவுவதற்கு ஒரு செலவு உண்டு. அச்செலவைச் சுமப்பவர் யார் என்னும் கேள்வி சங்கக் கூட்டங்களில் எழுவது அரிது. கூட்டுறவுச் சங்கங்கள் பெரும்பாலும் ஆண்டு முழுவதற்கும் ஒரே விலை வீதத்தைக் கையாளுகின்றன. அம்முறையில், மழைக்காலப் பெருக்கத்தால் விளையும் செலவின் பெரும்பகுதியைக் கோடையிலும் தவறாது பால் ஊற்றும் குடியானவரே அறியாமல் சுமந்து வருகிறார். இது நியாயமுமன்று, சங்கங்களுக்கு நன்மையுமன்று.

முதலில் இயற்கையின் பங்கைப் பார்க்கவேண்டும். எருமை பகற்பொழுது குறுகும் காலத்திலேயே பெரும்பாலும் சினைக்கு வரும். கோடையில் அதன் சினைப்பருவம் வெளிக்குறியின்றிக் கழிந்துவிடும். இதனை ஊமைச் சினைப்பருவம் என்பர். ஐப்பசி முதல் மாசி வரையில் சினைப்பட்ட எருமைகள், பத்து மாதமும் சில நாட்களும் சென்று, ஆவணி முதல் மார்கழி வரையில் ஈனுகின்றன. ஈன்ற ஆறு முதல் எட்டு வாரங்களில் பால் உச்சத்தை அடைகிறது. ஆகவே எருமைப் பால் குளிர்காலத்தில் குவிவதை ஒரு சுற்றறிக்கையினால் மாற்றிவிட இயலாது. கலப்பினப் பசுவின் நிலை வேறு. அது எம்மாதத்திலும் சினை பிடிக்கக் கூடியது. கடும் வெப்பத்தில் மட்டும் சினை பிடிப்பதும் தீனி எடுப்பதும் குறையும். 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாடுகள் சுமார் 95 லட்சம். எருமைகள் 5 லட்சத்துக்குச் சற்று மேல். ஆதலின் இங்குக் காணும் ஏற்றத்தாழ்வுக்குப் பிறவிக் குணத்தைக் காட்டிலும் பசுந்தீவனமும் வெப்பமுமே பெரிய காரணங்கள். அவை மனித முயற்சிக்கு ஓரளவேனும் கட்டுப்பட்டவை.

பால் பெருக்கத்தினால் குடியானவர் படும் துன்பத்துக்கு இந்நாட்டில் மிகத் தெளிவான சான்று குஜராத்தில் உள்ள கெய்ரா ஜில்லாவின் வரலாறு. 1946-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதி பதிவு செய்யப்பட்ட அந்த ஜில்லாவின் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஐக்கியம், 1948-இல் ஆனந்த் நகரில் பாலைக் காய்ச்சிக் குளிர்வித்துப் பம்பாய்க்கு அனுப்பத் தொடங்கியது. அங்குள்ளவை பெரும்பாலும் எருமைகள். குளிர்காலத்தில் அவை தரும் பால் கோடையைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. பம்பாய்ப் பால் திட்டத்துக்கு அவ்வளவும் வேண்டியிருக்கவில்லை. கோடையில் ஒரு குடம் பாலுக்கும் வழி பார்த்திருந்த நகரம், மார்கழியில் மீதிப் பாலை ஏற்க இயலாது என்றது. கறவையைக் கறக்காமல் விட முடியாது. கறந்த பாலை மறுநாளைக்கு வைக்கவும் முடியாது. ஆகவே உறுப்பினர் மீதிப் பாலை இடையாட்களிடம் கிடைத்த விலைக்கு விற்றனர். எந்த இடையாட்களின் பிடியினின்று விடுபடச் சங்கம் கண்டார்களோ, அவர்களிடமே ஆண்டில் நான்கு மாதம் திரும்பச் செல்ல நேர்ந்தது.

இதற்குக் கண்ட பரிகாரம் பாலைப் பொடியாகவும் வெண்ணெயாகவும் மாற்றும் ஆலை. எருமைப் பாலைப் பொடியாக்க இயலாது என்று மேனாட்டு நிபுணர் பலர் கருதியிருந்த காலம் அது. எச். எம். தலாயா என்னும் பால்பண்ணைப் பொறிஞர் அதனைச் செய்து காட்டினார். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும், கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூஜிலாந்து அரசாங்கமும் உதவின. 1954 நவம்பரில் இராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டிய அந்த ஆலையை 1955 அக்டோபர் 31-ஆம் தேதி ஜவஹர்லால் நேரு திறந்து வைத்தார். அது முதல் கெய்ராவின் ஐக்கியம் உறுப்பினர் கொணரும் பாலை எந்நாளிலும் மறுக்கவேண்டிய நிலை நீங்கியது. பால் சங்கம் எதனை விட்டுக்கொடுத்தாலும் இவ்வொன்றை மட்டும் விட்டுக்கொடுத்தலாகாது. இங்குக் கூறப்போவன யாவும் இந்தக் கடமையை ஏற்றுக்கொண்ட பின்னரே கூறப்படுவன.

ஆனால் பொடியாக்கும் ஆலை இலவசமாக வந்த களஞ்சியம் அன்று. கொழுப்பு நீக்கிய பாலில் நூற்றுக்கு ஒன்பது பங்கே திடப்பொருள், மற்றதெல்லாம் நீர். அந்நீரின் பெரும்பகுதியை வெற்றிடக் கலங்களில் ஆவியாக்கி, எஞ்சிய கெட்டிப்பாலைச் சூடான காற்றில் தூவி உலர்த்தினால், நூறு லிட்டருக்கு ஒன்பது கிலோவை ஒட்டிய பொடி கிடைக்கும். கோடையில் அதே பொடியில் மீண்டும் நீரையும் வெண்ணெய்க் கொழுப்பையும் சேர்த்துப் பாலாக்குகின்றனர். எரிபொருள் செலவழித்து நீரை வெளியேற்றி, ஆறு மாதம் கழித்து அந்நீரையே திரும்பச் சேர்ப்பது, வேறு வழியில்லாதபோது செய்யத்தக்கதே; விரும்பிச் செய்யத்தக்கதன்று. பொடியின் விலையும் சந்தையின் போக்கில் ஏறி இறங்குவது. 2018-ஆம் ஆண்டில் இந்நாட்டுக் கிடங்குகளில் பொடி மலிந்து விலை சரிந்தபோது, ஆலைகள் பால் கொள்முதல் விலையைக் குறைத்தன. அவ்வாண்டு ஜூலையில் மகாராஷ்டிரக் குடியானவர் பாலைச் சாலையில் கொட்டிக் கிளர்ச்சி செய்தனர். கிடங்கே நிரம்பி வழியும் ஆண்டில் அதனைக் களஞ்சியமென்று எவ்வாறு நம்பியிருப்பது?

செலவைச் சுமப்பவர் யாரென்பது ஒரு சிறு கணக்கினால் விளங்கும். ஓர் ஐக்கியத்தின் ஆலைக்கு ஆண்டில் நான்கு மாதம் நாளொன்றுக்கு 1,00,000 லிட்டரும், நான்கு மாதம் 70,000 லிட்டரும், நான்கு மாதம் 40,000 லிட்டரும் பால் வருவதாக வைத்துக்கொள்வோர், ஆலையை 1,00,000 லிட்டருக்கே கட்டியாகவேண்டும். மூலதனத்தின் வட்டி, தேய்மானம், நிரந்தரச் சம்பளம் இவை பால் வந்தாலும் வராவிட்டாலும் நாளொன்றுக்கு ஒரு லட்ச ரூபாய் என்று கொள்ளலாம். ஆண்டு முழுவதும் ஆலை நிறைந்து ஓடினால் லிட்டருக்கு இச்செலவு ஒரு ரூபாய். மேற்சொன்ன வரவில் சராசரியாக 1 ரூபாய் 43 காசு. பொதுவாகச் சங்கங்கள் இந்தச் சராசரியோடு நின்றுவிடுகின்றன. பெருக்கக் காலத்தில் செலவு ஒரு ரூபாயே என்றும், கோடையில் 2 ரூபாய் 50 காசு ஆகிறதென்றும், ஆகவே கோடைப் பாலே ஆலைக்குப் பாரமென்றும் சிலர் வாதிப்பதும் உண்டு.

அவ்வாதம் தலைகீழானது. ஆலையை மூன்று அடுக்குகளாகப் பிரித்துப் பார்த்தால் உண்மை புலப்படும். அடி அடுக்கு 40,000 லிட்டர். இது 365 நாளும் ஓடுகிறது. இதன் நிலைச்செலவு லிட்டருக்கு ஒரு ரூபாய். நடு அடுக்கு 30,000 லிட்டர்; ஏறக்குறைய 240 நாள் ஓடி, மற்ற நாட்களில் சும்மா நிற்கிறது. இதற்கு 1 ரூபாய் 52 காசு. மேல் அடுக்கு 30,000 லிட்டர். 120 நாள் மட்டுமே ஓடுகிறது. ஆனால் அதற்கு வாங்கிய கடனுக்கு வட்டி 365 நாளும் ஏறுகிறது. அந்த அடுக்கில் செல்லும் பாலுக்கு லிட்டர் ஒன்றுக்கு 3 ரூபாய் 4 காசு ஆகிறது. கோடையிலும் வரும் பால் அடி அடுக்கின் பால். பெருக்கக் காலத்தில் மட்டும் வரும் பாலே மேல் அடுக்கைக் கட்டச் செய்தது. விலை ஒரே சீராக இருக்கும்போது, அடி அடுக்கினர் தங்கள் பங்கான ஒரு ரூபாய்க்கு மேலாக 43 காசு கொடுத்து மேல் அடுக்கினரின் வட்டியைக் கட்டுகின்றனர். இதற்குமேல் ஆவியாக்கும் எரிபொருளும், பொடியை வைத்திருக்கும் கிடங்கு வாடகையும், சந்தை சரிந்தால் நஷ்டமும் இருக்கின்றன; அவையும் மேல் அடுக்கைச் சேர்ந்தவையே.

கோடையில் பால் ஊற்றுகிறவருக்கு வீட்டிலும் செலவு அதிகம். புல்லை விலைக்கு வாங்குகிறார். பிண்ணாக்கும் தவிடும் கூட்டுகிறார். மாட்டைக் குளிர்விக்க நீர் சுமக்கிறார். இவ்வளவுக்கும் மேலாக, வெயிலில் பாலின் கொழுப்பு விகிதம் தாழ்வதால், கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் அளந்து கொடுக்கும் விலை அவருக்குக் கோடையில் சற்றுக் குறைந்தே கிடைக்கிறது. ஒரே வீதமென்று பெயர். கைக்கு வருவது ஒரே விலை அன்று.

பிற நாடுகளில் இந்தப் பருவ வேறுபாட்டை ஒழிக்காமலே வாழ்கிறார்களே என்று கேட்கலாம். நியூஜிலாந்தில் மாடுகள் யாவும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஈனுகின்றன. அக்டோபரில் பால் உச்சத்தை அடைகிறது. ஜூன் மாதத்தில் பல ஆலைகள் மூடிக் கிடக்கின்றன. அந்நாட்டார் இதை அறிந்தே செய்கின்றனர். அங்கு உற்பத்தியில் 95 சதவிகிதத்தை ஒட்டிய பகுதி பொடியாகவும் வெண்ணெயாகவும் பாற்கட்டியாகவும் கப்பலேறிச் செல்கிறது. ஆலை சும்மா நிற்கும் நஷ்டத்தைக் காட்டிலும், மேய்ச்சற் புல்லை மட்டும் கொண்டு மாடு வளர்ப்பதால் வரும் ஆதாயம் பெரிது. அயர்லாந்திலும் மே மாதப் பால் ஜனவரிப் பாலைப்போல் ஆறு மடங்கை ஒட்டி நிற்கிறது, காரணமும் அதுவே. தமிழ்நாட்டின் கறவைக்கோ அத்தகைய மேய்ச்சல் இல்லை. அதன் பாலில் பெரும்பகுதி அன்றன்றே பாலாகக் குடிக்கப்படுகிறது. நியூஜிலாந்தின் ஆதாயம் இல்லாமல் அதன் செலவை மட்டும் மேற்கொள்வது பொருந்தாது.

அயர்லாந்துக்கும் டென்மார்க்குக்கும் இடையே முன்னர் நடந்த போட்டி இங்கு நினைக்கத்தக்கது. 1870-களுக்குப் பின் அமெரிக்கத் தானியம் ஐரோப்பாவில் மலிந்தபோது, டேனியர் தானியத்தை விற்பதை விட்டு மாட்டுக்குப் போடலாயினர். கன்று ஈனும் காலத்தை இலையுதிர்காலத்துக்கு மாற்றி, குளிர்காலம் முழுவதும் கொட்டிலில் கிழங்கும் பிண்ணாக்கும் கொடுத்துக் கறந்தனர். 1882-இல் ஜட்லாந்தின் ஹியெடிங் என்னும் சிற்றூரில் தொடங்கிய கூட்டுறவு ஆலை முறை நாடெங்கும் பரவியது. குளிர்காலத்தில் இங்கிலாந்தில் வெண்ணெய் விலை உயர்ந்திருந்தது. ஆண்டு முழுவதும் ஒரே தரமான வெண்ணெய் தருபவரையே கடைக்காரரும் விரும்பினர். அயர்லாந்தின் ஆலைகளோ குளிர்காலத்தில் பெரும்பாலும் ஓய்ந்திருந்தன. அந்நாட்டு விவசாய இலாகா குளிர்காலக் கறவையைப் பற்றி எத்தனையோ உபதேசித்தும் குடியானவர் அசையவில்லை. அவர்களைச் சோம்பர் என்பது தவறு. கோடைப் புல்லில் கறப்பது அவர்களுக்கு மலிவு. குளிர்காலத் தீனிச் செலவை ஈடுசெய்யும் விலை தங்கள் கைக்கு வருவதாக அவர்கள் காணவில்லை. பிரசங்கத்தினால் மாடு கறப்பதில்லை.

விலையினால் இதைச் சாதித்தவர்களும் உண்டு. 1933-இல் அமைந்த இங்கிலாந்து, வேல்ஸ் பால் விற்பனை வாரியம் மாதந்தோறும் வெவ்வேறு விலை கொடுத்து, குளிர்காலப் பாலுக்கு மிகுதியாக அளித்தது. அமெரிக்காவில் லூயிவில் நகரைச் சேர்ந்த பகுதியில் 1940-களில் வேறொரு முறை தோன்றியது. பால் பெருகும் மாதங்களில் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு சிறு தொகையைப் பிடித்து வைத்து, பால் குறையும் மாதங்களில் ஊற்றப்படும் பாலுக்கு அப்பணத்தையே பகிர்ந்து கொடுத்தனர். நுகர்வோர் தரும் விலையில் மாற்றம் இல்லை. அரசாங்கத்தின் மானியமும் வேண்டியதில்லை. கூட்டுறவுச் சங்கங்களுக்கு மிகவும் ஏற்ற முறை இதுவே.

முற்கூறிய ஐக்கியத்தின் கணக்கையே கொள்ளலாம். ஐப்பசி முதல் தை வரை 120 நாளில் வரும் பால் 120 லட்சம் லிட்டர். லிட்டருக்கு ஒரு ரூபாய் பிடித்தால் 1 கோடியே 20 லட்ச ரூபாய் சேரும். பங்குனி முதல் ஆனி வரை வரும் பால் 48 லட்சம் லிட்டர். சேர்ந்த தொகையில் 24 லட்சத்தைத் தீவனத்துக்கென ஒதுக்கிவிட்டு, மீதி 96 லட்சத்தைக் கோடைப் பாலுக்குப் பகிர்ந்தால் லிட்டருக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். பெருக்கக் காலத்துக்கும் கோடைக்கும் இடையே மூன்று ரூபாய் வேற்றுமை உண்டாகும். மூன்று ரூபாய்க்குக் குடியானவர் கணக்குப் பார்க்கமாட்டார் என்று எண்ணுபவர் அவரை அறியாதவர்.

தனியார் ஆலைகளின் போட்டியையும் இது தணிக்கும். கோடையில் அவை விலையைக் கூட்டிப் பாலை இழுத்துக்கொள்வதும், மழைக்காலத்தில் விலையைக் குறைத்துத் தங்களுக்கு வேண்டாத பாலைச் சங்கத்தின்மேல் தள்ளுவதும் புதிதன்று. பிடித்தம் செய்த பணம் சங்கத்தில் இருக்குமானால், கோடையிலும் சங்கத்துக்கே ஊற்றுவதற்கு உறுப்பினருக்கு ஒரு காரணம் இருக்கும்.

இம்முறைக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அதனை இலேசாகத் தள்ளிவிடலாகாது. நிலமற்ற ஒரு பெண் ஒரே பசுவை வைத்துப் பிழைக்கிறாள். அவள் பசு ஐப்பசியில் நாளுக்கு 8 லிட்டர் கறந்தால், நான்கு மாதத்தில் 960 ரூபாய் பிடிக்கப்படும். கோடையில் அதே பசு 4 லிட்டர் கறந்தால் 480 லிட்டருக்கு 960 ரூபாயே திரும்பக் கிடைக்கும், இலாபமுமில்லை, நஷ்டமுமில்லை. ஆனால் தீனியின்றிக் கோடையில் பசு வற்றிவிட்டாலோ 960 ரூபாயும் போய்விடும். கிணறும் நிலமும் உள்ளவரோ பசுந்தீவனம் பயிரிட்டு, அப்பணத்தை வாங்கிச் செல்வார். ஏழையிடம் பிடித்து வசதியுள்ளவருக்குக் கொடுக்கும் முறையாக இது ஆகிவிடலாமென்பது வெறும் கற்பனை அன்று. தீவனத்துக்கென 24 லட்சம் ஒதுக்குவது இதற்காகவே. அப்பணம் நிலமற்ற உறுப்பினரின் கொட்டிலுக்கு முதலில் சென்றாலன்றி இந்த ஏற்பாட்டைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

தீவனம் என்றவுடன் கோடையில் வைக்கோல் வாங்கி விநியோகிப்பதை நினைக்கவேண்டியதில்லை. பாலைப் பெருக்கும் அதே மழைதான் புல்லையும் பெருக்குகிறது. புல்லைச் சேமித்துக் கோடையில் பாலாக்குவது, பாலைப் பொடியாக்கிச் சேமிப்பதைக் காட்டிலும் பெரிதும் மலிவு. அதற்குக் கொதிகலனும் வேண்டியதில்லை, கோபுரமும் வேண்டியதில்லை, ஒரு குழி போதும். மக்காச்சோளத்தையோ தீவனச் சோளத்தையோ மணி பால் பிடிக்கும் பருவத்தில் அறுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, குழியில் காற்றுப் புகாவண்ணம் மிதித்து மூடிவிட்டால், நாற்பத்தைந்து நாளில் ஊறுகாய்ப்புல் ஆயத்தமாகும். திறக்காத குழியில் அது கோடை வரையில் கெடாது. நறுக்கும் யந்திரம் சங்கத்துக்கு ஒன்றிருந்தால் ஊர் முழுவதற்கும் உதவும். பாசனம் உள்ள உறுப்பினர் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லையும் வேலிமசாலையும் பயிரிட்டுச் சங்கத்துக்கு விற்கலாம். சங்கம் நிலமற்றவருக்கு அடக்க விலையில் அளக்கலாம். ஆலைகளைப் பெரிதாக்கக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் இத்தகைய குழிகளுக்குக் கடன் கொடுக்க முன்வருவது அருமை. குழியைத் திறந்து வைக்க விழா எடுப்பதும் கடினந்தான்.

சினை ஊசி போடும் காலத்தையும் கவனிக்கலாம். மார்கழியில் ஊசி போட்ட பசு புரட்டாசியில் ஈன்று, கார்த்திகையில் எல்லோருடைய பாலோடும் சேர்ந்து உச்சத்தில் நிற்கும். பங்குனியில், வெப்பம் கடுமையாவதற்கு முன்னர், ஊசி போட்ட பசு மார்கழியில் ஈனும்; மாசியில் உச்சத்தை அடைந்து கோடை முழுவதும் கறக்கும். அத்தகைய பசு பெருக்கக் காலத்தில் நாற்பது நாள் மட்டும் 8 லிட்டர் கறந்தால் பிடித்தம் 320 ரூபாய். கோடையில் 120 நாள் 7 லிட்டர் கறந்தால் திரும்பக் கிடைப்பது 1,680 ரூபாய். எல்லாப் பசுக்களையும் இவ்வாறு மாற்றவேண்டுமென்பதில்லை; நான்கில் ஒன்று மாறினாலே மேல் அடுக்கின் பளு கணிசமாகக் குறையும். எருமை வைத்திருப்போரை இதற்கு வற்புறுத்துவது வீண். அவர்களுக்கு ஊறுகாய்ப்புல்லே துணை.

இதனை மாநிலமெங்கும் ஒரே நாளில் புகுத்தவேண்டிய அவசியமில்லை. ஆலையும் கணக்கும் ஒழுங்காக உள்ள ஓர் ஐக்கியம், ஆடி மாதப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினரின் இசைவு பெற்று, ஆவணியில் தீவனச் சோளம் விதைக்கச் செய்து, ஐப்பசி முதல் தேதியன்று பிடித்தத்தைத் தொடங்கலாம். பிடித்த தொகை ஒவ்வொருவரின் பாஸ் புத்தகத்திலும் தனிப் பத்தியாக எழுதப்படவேண்டும். அப்பணத்தைச் சங்கத்தின் வேறு கடனுக்கோ நிலுவைக்கோ ஈடாக எடுத்துக்கொள்ளலாகாதென்று துணைவிதியிலேயே கண்டிருக்கவேண்டும். கோடைத் தொகை வாரந்தோறும் பால் பணத்தோடு கொடுக்கப்படவேண்டுமேயன்றி, ஆண்டு முடிவில் போனஸாக அன்று. ஏனெனில் பங்குனியில் பிண்ணாக்கு வாங்கவேண்டியவருக்குப் புரட்டாசியில் வரும் பணத்தால் பயனில்லை.